லாரிக் அமிலம்: தேங்காய் எண்ணெய்க்குள் இருக்கும் 12 கார்பன் சங்கிலி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் ஈசூனில் சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்தாருக்கு வீட்டுச் சவர்க்காரம் செய்யக் கற்றுத் தருகிறேன். அதற்கு முன் பல ஆண்டுகள் உயர்நிலை மாணவர்களுக்கு வேதியியல் துணைப்பாடம் எடுத்தேன். வகுப்பில் தேங்காய் எண்ணெய் டின்னைத் திறந்ததுமே கேள்விகள் தொடங்கிவிடும். முடிக்கு நல்லதா, இதயத்துக்குக் கெட்டதா, ஷாம்பூ லேபிளில் லாரில் என்று போட்டிருக்கிறதே அதுவும் இதுதானா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பல வாரங்கள் கேட்டுக் கேட்டு எனக்குப் புரிந்தது, குழப்பத்தின் வேர் ஒன்றே. லாரிக் என்ற ஒரு பெயரை வைத்துக்கொண்டு நான்கைந்து வெவ்வேறு பொருள்களைப் பேசுகிறோம். தனி அமிலம் வேறு. எண்ணெயில் கிளிசராலோடு, அதாவது கிளிசரினோடு, கட்டுண்டு கிடப்பது வேறு. சவர்க்காரத்தில் சோடியத்தோடு சேர்ந்தது வேறு. ஷாம்பூவில் கந்தகத் தலையோடு வருவது இன்னொன்று. எல்லாவற்றிலும் வால் அதே 12 கார்பன்தான், தலைதான் மாறுகிறது. கீழே உள்ள பதில்களைப் படிக்கும்போது இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கையறையில் வைத்த தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்துவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும். நம் வீவக அடுக்குமாடி வீட்டு அடுப்படியில் பகலில் 30 டிகிரி இருக்கும். அங்கே அது தண்ணீர்போல் ஓடும். குளிர்சாதனத்தை 22இல் வைத்துத் தூங்கும் அறையில் விடிவதற்குள் மெழுகாகிவிடும். இங்கே பனிக்காலம் இல்லாததால் இதை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைகள் எண்ணெய் பாழாகிவிட்டது என்றே நினைக்கிறார்கள். மார்கழியில் ஊருக்குப் போய்வந்த பெரியவர்களுக்கு இது புதிதல்ல. வெதுவெதுப்பான நீரில் புட்டியை நிறுத்தினால் உருகிவிடும். எத்தனை முறை உறைந்து உருகினாலும் எண்ணெயின் தன்மை மாறாது.

தனி லாரிக் அமிலம் 44 டிகிரியில்தான் உருகும். எண்ணெயில் ஏறக்குறையப் பாதி இந்தச் சங்கிலிதான் என்றாலும் 8, 10, 14, 16 கார்பன் கொண்ட சங்கிலிகளும் கலந்திருக்கின்றன. நீளம் ஒத்துவராத விறகுகளை அடுக்கிக் கட்டினால் கட்டு இறுகாது. மூலக்கூறுகளும் அப்படித்தான். அடுக்கு இறுகாததால் குறைந்த வெப்பத்திலேயே நெகிழ்ந்துவிடுகின்றன.

குளிர்பெட்டியில் வைத்து உறைந்தால் கலப்படமில்லாத எண்ணெய் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ நிறையக் கலந்திருந்தால் உறையாத அடுக்கு தனியே தெரியக்கூடும். ஆனால் செம்பனைப் பழத்தின் பருப்பிலிருந்து எடுக்கும் பனைக்கொட்டை எண்ணெய் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்து உறைந்துவிடும், கண்ணுக்கு வேறுபாடே தெரியாது.

சரி, லாரிக் அமிலம் என்பது என்ன?

12 கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த நேரான சங்கிலி. ஒரு முனையில் அமிலத் தலை. அதில் ஒரு கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இருக்கும். மற்ற 11 கார்பன்களும் ஹைட்ரஜன் போர்த்திய வால். மொத்தமாக எண்ணினால் 12 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன், மூலக்கூற்று எடை சுமார் 200. கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு ஒன்றுகூட இல்லை. அதனால் இது நிறைவுற்ற கொழுப்பமிலம். முறைப்பெயர் டோடெக்கனாயிக் அமிலம். டோடெக்கா என்றால் கிரேக்கத்தில் 12.

தலை தண்ணீரோடு ஒட்டும், வால் ஒட்டாது. வால் நீளமாக இருப்பதால் அதன் போக்கே வெல்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 0.1 கிராம்கூடக் கரைவதில்லை. இந்த இழுபறிதான் சவர்க்காரத்தின் நுரைக்கும் கிருமி அழிவதற்கும் பற்பசைக்குப் பின் பழரசம் கசப்பதற்கும் மூலம்.

பெயர் வந்தது லாரல் மரத்திலிருந்து. 1842இல் அந்த மரத்தின் பழ எண்ணெயிலிருந்துதான் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். வகுப்பில் ஓர் அக்கா, பிரியாணியில் போடும் இலைதானே என்று கேட்டார். நம் பிரிஞ்சி இலை லாரல் இலை அன்று, இலவங்கப்பட்டைக்கு நெருங்கிய வேறொரு மரத்தின் இலை. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் அவர் கேட்டதில் பாதி சரிதான்.

எந்தெந்த எண்ணெயில் இது இருக்கிறது?

தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் 45 முதல் 53 விழுக்காடு வரை லாரிக். பனைக்கொட்டை எண்ணெயிலும் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் அதே செம்பனைப் பழத்தின் சதையிலிருந்து பிழியும் பாமாயிலில் லாரிக் அநேகமாக இல்லை, அங்கே 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலமே ஆட்சி செய்கிறது. ஒரே பழத்தின் சதையும் பருப்பும் இவ்வளவு மாறுபடுவதை நான் ஒவ்வொரு முறையும் வியப்போடுதான் சொல்கிறேன். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் லாரிக் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தாய்ப்பாலின் கொழுப்பில் சிறு பங்கு உண்டு.

பெரும்பாலான செடிகள் சங்கிலியை 16, 18 கார்பன் வரை வளர்த்துக்கொண்டே போகும். தென்னையின் பருப்பில் 12ஆவது கார்பனிலேயே சங்கிலியை வெட்டிவிடும் நொதி ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஒரு லாரல்வகை மரத்திலும் அப்படிப்பட்ட நொதி உண்டு. அதன் மரபணுவைக் கடுகினச் செடியான கனோலாவுக்குள் வைத்து, லாரிக் நிறைந்த கனோலா எண்ணெயை அமெரிக்காவின் கால்ஜீன் நிறுவனம் 1995இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சந்தையில் தென்னையையும் செம்பனையையும் அதனால் வெல்ல முடியவில்லை.

நடுத்தரச் சங்கிலி என்று ஏன் சொல்கிறார்கள்?

6 முதல் 12 கார்பன் வரை உள்ளவற்றை நடுத்தரம் என்று வகைப்படுத்துவது வழக்கம். 6 கார்பன் காப்ரோயிக், 8 காப்ரிலிக், 10 காப்ரிக். மூன்றுக்கும் லத்தீனில் வெள்ளாட்டைக் குறிக்கும் காப்ரா என்ற சொல்லே வேர், ஆட்டுப்பாலின் கொழுப்பில் இவை இருப்பதுதான் காரணம். அந்தப் பாலின் கவிச்சை வாசனைக்கும் இவையே பொறுப்பு. காப்ரிலிக் 16, 17 டிகிரியிலும் காப்ரிக் 31, 32 டிகிரியிலும் உருகும். லாரிக் இந்த வரிசையின் கடைசி. கடைசி என்பதால்தான் அடுத்த கேள்வி இவ்வளவு சிக்கலாகிறது.

கடையில் எம்சிடி எண்ணெய் என்று விலை உயர்ந்த புட்டி விற்கிறார்கள். அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் குடித்தால் போதாதா?

போதாது. இரண்டும் ஒன்றில்லை. எம்சிடி எண்ணெய், அதாவது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எண்ணெய், தேங்காய் அல்லது பனைக்கொட்டை எண்ணெயிலிருந்து எடுப்பதுதான். ஆனால் அதில் பெரும்பாலும் 8, 10 கார்பன் சங்கிலிகளையே பிரித்தெடுத்துச் சேர்க்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் அவை இரண்டும் சேர்ந்தே 10 முதல் 18 விழுக்காடுதான். உறையாத தேங்காய் எண்ணெய் என்று அழகுசாதனக் கடைகளில் விற்பதும் இந்தப் பிரித்தெடுத்த வகைதான்.

8, 10 கார்பன் சங்கிலிகள் குடலிலிருந்து நேரே ரத்தக் குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போகும். அங்கே விரைவாக எரிந்து, உடல் எரிபொருளாகப் பயன்படுத்தும் கீட்டோன்களாக மாறும். அதனால்தான் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கு எம்சிடி எண்ணெய் சார்ந்த கீட்டோஜெனிக் உணவுமுறையை 1971 முதல் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். கொழுப்பைச் செரிக்க முடியாத நோயாளிகளுக்கும் குறைமாதக் குழந்தைகளின் பால்மாவிலும் இது உதவுகிறது.

லாரிக் அப்படி நடந்துகொள்வதில்லை. பெயரில் நடுத்தரம் என்றாலும், உடலுக்குள் போனதும் அதன் பெரும்பகுதி நீண்ட சங்கிலிகளைப் போலவே கொழுப்புத் துகள்களில் பொதிந்து நிணநீர் வழியாகச் சுற்றி வருகிறது. எம்சிடி எண்ணெயை வைத்துச் செய்த ஆய்வுகளின் முடிவைத் தேங்காய் எண்ணெய் டின்னின் மேல் ஒட்டி விற்பது சரியன்று. உடல் இளைக்கும் என்று காலையில் இரண்டு கரண்டி குடித்து வந்த ஒருவர் என்னிடம் வாதாடினார். இரண்டு மேசைக்கரண்டி என்றால் 240 கலோரி. உணவில் வேறெதையும் குறைக்காமல் அதைச் சேர்த்தால் எடை ஏறத்தான் செய்யும்.

மிச்சமான தேங்காய்ச் சட்னியில் ஏன் சோப்பு வாசனை வருகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் மூக்காலேயே வேதியியல் செய்யலாம்.

தேங்காயில் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் ஒரு கிளிசராலோடு கட்டப்பட்டிருக்கும். கட்டுண்டு இருக்கும்வரை அதற்குத் தனி ருசி கிடையாது. துருவும்போது செல்கள் உடைகின்றன, ஈரம் படுகிறது. காற்றிலும் கையிலும் இருந்து வந்த நுண்ணுயிர்கள் லிப்பேஸ் என்னும் நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதி கட்டை அவிழ்த்துவிடுகிறது. விடுபட்ட லாரிக் அமிலத்துக்குச் சவர்க்கார ருசி. கடலை எண்ணெயிலும் இதே வேலை நடக்கும். ஆனால் அங்கே விடுபடும் 18 கார்பன் சங்கிலிகளை நாக்கு அவ்வளவாக உணர்வதில்லை. தேங்காய் மட்டும் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தேக்கா ஈரச்சந்தையில் கண்ணெதிரே துருவித் தரும் தேங்காயை வாங்கினால், நம் வெப்பத்துக்கு நான்கைந்து மணி நேரம் பையில் வைத்திருக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாளைக்குத்தான் என்றால் உறைபெட்டியில் வையுங்கள். கொதிக்கவைத்த தேங்காய்ப்பாலில் நொதி செயலிழந்துவிடும். ஆனால் ஆறிய பிறகு வெளியே வைத்தால் புதிதாக நுண்ணுயிர் ஏறும். சவர்க்கார வாசனை வந்த சட்னியைத் தாளித்துச் சரிசெய்ய முடியாது. கொட்டிவிடுங்கள்.

இதற்கு மாறாக, நன்றாகக் காய்ந்த கொப்பரையிலிருந்து எடுத்த ஈரமில்லாத எண்ணெய் மாதக்கணக்கில் நிற்கும். ஆக்சிஜன் தாக்கக்கூடிய இரட்டைப் பிணைப்புகள் அதில் மிகக் குறைவு. பிடித்த இனிப்பைப் பொரிக்க வாங்கிய சூரியகாந்தி எண்ணெய் சிக்குவாசனை அடித்த பிறகும் பக்கத்தில் இருக்கும் தேங்காய் எண்ணெய் நன்றாக இருப்பது அதனால்தான்.

வடை, முறுக்கு பொரிக்கத் தேங்காய் எண்ணெய் ஏற்றதா?

சுத்திகரித்த எண்ணெய் 200 டிகிரிக்கு மேலும் தாங்கும். செக்கில் பிழிந்த, பச்சைத் தேங்காய்ப்பாலிலிருந்து எடுத்த வகைகள் 175 டிகிரி வாக்கிலேயே புகையத் தொடங்கும், பொரிக்கும் வெப்பமும் கிட்டத்தட்ட அதுதான். ஒரு முக்கியமான எச்சரிக்கை: மிச்சமிருக்கும் தேங்காய் எண்ணெயோடு வேறு எண்ணெயைக் கலந்து பொரிக்காதீர்கள். குறுஞ்சங்கிலியும் நெடுஞ்சங்கிலியும் கலந்த எண்ணெய் சட்டியில் நுரைத்துப் பொங்கும். அடுப்பில் வழிந்தால் தீப்பிடிக்கும்.

சவர்க்காரம் செய்யத் தேங்காய் எண்ணெய்தான் வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறீர்கள்?

நுரைக்காக. ஆலிவ் எண்ணெய்ச் சவர்க்காரம் மென்மையானது, ஆனால் கொழகொழவென்று நுரையே வராது. லாரிக் சங்கிலி குட்டையாக இருப்பதால் சோடியத்தோடு சேர்ந்த அதன் உப்பு, சோடியம் லாரேட், தண்ணீரில் சட்டென்று கரைந்து பெரிய பெரிய குமிழிகளாக நுரைக்கும். கட்டியும் கெட்டியாக வரும். உப்புத் தண்ணீரில் பெரும்பாலான சவர்க்காரங்கள் திரிந்துவிடும். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் மட்டும் கடல்நீரிலும் நுரைக்கும். கப்பலில் வேலை செய்தவர்களின் குடும்பங்களில் கேட்டால் கடல் சவர்க்காரம் என்று அதைச் சொல்வார்கள்.

செய்முறையில் நடப்பது இதுதான். காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, எண்ணெயின் கட்டை அவிழ்க்கிறது. மூன்று சங்கிலிகளும் தனித்தனியே சோடியத்தைப் பிடித்துக்கொண்டு சவர்க்காரமாகின்றன. கிளிசரால், நாம் கிளிசரின் என்று சொல்வது, விடுபட்டு உள்ளேயே தங்குகிறது. சட்னியில் நொதி செய்த அதே வேலைதான், இங்கே காரம் செய்கிறது.

அளவுகளை மனக்கணக்கில் போடக் கூடாது. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு. 500 கிராம் எண்ணெய் என்றால் 91.5 கிராம். அதை முழுதாகப் போடாமல் 5 விழுக்காடு குறைத்து 87 கிராம் போடுகிறோம், சிறிது எண்ணெய் மாறாமல் எஞ்சி நின்றால் தோலுக்கு இதம். முழுக்கத் தேங்காய் எண்ணெயிலேயே செய்தால் அது தோலின் எண்ணெயையும் வழித்தெடுத்துவிடும். குளிக்கும் சவர்க்காரத்துக்கு நான் 20 விழுக்காடு குறைத்து 73 கிராம்தான் போடச் சொல்வேன். பாத்திரம் துலக்குவதற்கென்றால் 87 கிராமே நல்லது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது 1.4 மடங்கு வேண்டும்.

காரத்தைத் தண்ணீரில் கொட்டுங்கள், காரத்தின்மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். ஒருமுறை நான் கவனிக்காத நேரத்தில் வகுப்பில் ஒருவர் பழைய அலுமினியக் குண்டானில் கரைத்துவிட்டார். அலுமினியத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜன் வாயு சீறிக்கொண்டு வந்தது. சன்னல்களைத் திறந்து எல்லாரையும் நடைக்கூடத்துக்கு அனுப்பினேன். நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எவர்சில்வர் பாத்திரத்தை நானே கொண்டுபோகிறேன்.

வார்த்த கட்டியை நான்கு வாரம் காற்றோட்டமாக ஆறவிட வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. கிளிசரின் அந்த ஈரத்தை உறிஞ்சிக் கட்டியின் மேல் வியர்வைத் துளிபோல் நிற்கும். அது கெட்டுப்போன அடையாளமன்று. மின்விசிறிக்கு அருகில் கம்பித்தட்டில் அடுக்கி வைத்தால் போதும்.

ஷாம்பூ லேபிளில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்று இருக்கிறது. தேங்காயிலிருந்து வந்தது என்றால் இயற்கைதானே?

வால் தேங்காய் அல்லது பனைக்கொட்டையிலிருந்து வந்திருக்கலாம், தலை தொழிற்சாலையில் வைத்தது. எண்ணெயிலிருந்து பிரித்த சங்கிலியில் ஹைட்ரஜன் ஏற்றி லாரில் ஆல்கஹாலாக்கி, பிறகு கந்தக டிரையாக்சைடோடு வினைபுரியவைத்து, சோடியத்தால் சமன்செய்கிறார்கள். அமிலத் தலை போய்க் கந்தகத் தலை வந்துவிட்டது. உப்பு மிகுந்த கடினநீரில் சவர்க்காரம் அழுக்குத் திரையாகத் திரியும். இது திரியாது. நன்றாகவும் நுரைக்கும். ஆகவே எங்கும் பரவிவிட்டது.

தோலை எரிச்சலூட்டும் தன்மை இதற்கு உண்டு. தோல் ஆய்வுகளில் எரிச்சலுக்கு ஒப்பீட்டுப் பொருளாக வைப்பதே இதைத்தான். ஷாம்பூபோலத் தடவி உடனே கழுவிவிடும்போது பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. தோலழற்சி உள்ளவர்களும் அடிக்கடி வாய்ப்புண் வருபவர்களும் இது இல்லாத ஷாம்பூவையும் பற்பசையையும் முயன்று பார்க்கலாம். லாரெத் சல்ஃபேட் என்று இருந்தால் அது சற்று மென்மையான உறவுக்காரன்.

பல் துலக்கியவுடன் ஆரஞ்சுச் சாறு குடித்துக் கசந்திருக்கிறதா? பற்பசையின் லாரில் சல்ஃபேட் நாக்கின் இனிப்பு உணர்வைச் சற்று நேரம் மட்டுப்படுத்திவிடுகிறது. புளிப்பும் கசப்பும் மட்டும் மேலெழும்.

இதைப் புற்றுநோயோடு முடிச்சுப் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். அதற்கு ஆதாரம் இல்லை.

தலைமுடிக்கு உண்மையிலேயே நல்லதா, பாட்டி சொன்னதால் நம்புகிறோமா?

பாட்டி சொன்னது இந்த விஷயத்தில் சரி. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் பூசி ஒப்பிட்டார்கள். முடி இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதன் மூலக்கூறுகள் சிறியவை, நேரானவை. முடியின் தண்டுக்குள் நுழைந்து, நனையும்போது முடி ஊதுவதைத் தடுக்கின்றன. ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காரணம் வேதியியலுக்குப் பொருந்தி வருவதால் நான் ஏற்கிறேன். முடி உடையாமல் காக்கும் என்பது வரைதான் இந்த ஆய்வு சொல்கிறது. முடி முளைக்கும் என்று சொல்லவில்லை.

பொடுகு இருந்தால் கதை மாறும். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சை 11 முதல் 24 கார்பன் வரையுள்ள கொழுப்பமிலங்களைத் தின்று வளர்கிறது. 12 அதற்குள் அடக்கம். வியர்க்கும் நம் தட்பவெப்பத்தில், பொடுகு நிறைந்த உச்சியில் எண்ணெயை ஊறவைத்துப் படுப்பது அதற்குச் சோறு போடுவதுபோல். பொடுகுள்ளவர்கள் எண்ணெயை முடியின் நுனிப்பகுதிக்கு மட்டும் தடவுங்கள். உச்சிக்குப் பொடுகு ஷாம்பூ போதும்.

கிருமியைக் கொல்லும் என்கிறார்களே?

ஆய்வுக்கூடத்தில், ஆம். விடுபட்ட லாரிக் அமிலமும், ஒரே ஒரு லாரிக் சங்கிலி கிளிசராலோடு இணைந்த மோனோலாரினும், முகப்பரு பாக்டீரியா உள்ளிட்ட கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களின் சவ்வைக் கலைத்துவிடுகின்றன. கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு கொண்ட கிராம் நெகட்டிவ் வகைகள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. கட்டுண்ட எண்ணெய் அப்படியே இந்த வேலையைச் செய்வதில்லை. ஆய்வுக்கூடத் தட்டில் கொன்றது உடலுக்குள்ளும் கொல்லும் என்பதற்கு அது சான்றாகாது. காய்ச்சல் என்றால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள்.

தோல் வறட்சிக்கு நிலைமை கொஞ்சம் நம்பிக்கையானது. பிலிப்பீன்சில் தோலழற்சி உள்ள பிள்ளைகளிடம் செய்து 2014இல் வெளியான ஆய்வில் கன்னித் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிடக் கூடுதல் பலன் தந்தது. ஆனால் முகத்தில் பரு வருபவர்களுக்கு எண்ணெய் துளையை அடைக்கும்.

கொசு விரட்டுமா?

தேங்காய் எண்ணெயைப் பூசிக்கொண்டால் டெங்கிக் கொசுவிடமிருந்து காப்பு என்று நினைக்காதீர்கள். 2018இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த 8, 10, 12 கார்பன் அமிலக் கலவை பூச்சிகளை விரட்டுவதாகக் கண்டார்கள். எண்ணெய் அப்படியே விரட்டவில்லை. நம் தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லும் டீட், பிகாரிடின் போன்றவை கொண்ட பூச்சுகளையே பயன்படுத்துங்கள்.

கொழுப்புக்கு நல்லதா கெட்டதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பை ஏற்றுகிறது.

ஒரு வரியில் நிற்காத விஷயம் என்பதால் விளக்குகிறேன். 2020இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள், மனிதர்களிடம் நடத்திய 16 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். சூரியகாந்தி, சோயா, ஆலிவ் போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டபோது, தேங்காய் எண்ணெய் உண்டவர்களுக்கு எல்டிஎல் சராசரியாக டெசிலிட்டருக்கு 10.5 மில்லிகிராம் கூடியது. நம் ரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள அலகில் சொன்னால் லிட்டருக்கு 0.27 மில்லிமோல். நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல்லும் 4 மில்லிகிராம் கூடியது. பாமாயிலோடு ஒப்பிட்டபோதும் எல்டிஎல் கூடுதலாகவே இருந்தது. 2017இல் அமெரிக்க இதயச் சங்கமும் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்கவே சொன்னது.

எச்டிஎல் கூடுகிறதே, சமன் ஆகிவிடாதா என்று கேட்பவர்கள் சும்மா கேட்கவில்லை. மற்ற நிறைவுற்ற கொழுப்பமிலங்களைவிட லாரிக் எச்டிஎல்லை நன்றாக ஏற்றுகிறது என்று 2003இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வே சொல்கிறது. ஆனால் எச்டிஎல்லை மருந்தால் ஏற்றிப் பார்த்த சோதனைகளில் மாரடைப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. எல்டிஎல் ஏறினால் ஆபத்து ஏறும் என்பதோ உறுதி. அதனால் நான் எல்டிஎல் பக்கமே நிற்கிறேன்.

தாத்தா காலத்தில் எல்லாரும் தேங்காய் சாப்பிட்டார்களே என்பதும் நியாயமான கேள்வி. பசிபிக் தீவான டோக்கெலாவில் உணவின் பாதிக்கு மேலான ஆற்றல் தேங்காயிலிருந்தே வந்தது, இதயநோய் அங்கே பெரிதாக இல்லை. அவர்கள் மீனும் கிழங்கும் தின்று உடலால் உழைத்தவர்கள். நாம் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து அலுவலகம் போய் மாலையில் தேங்காய்ப்பால் ஊற்றிய லக்சா சாப்பிடுகிறோம்.

நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமுக்குள் இருப்பது நல்லது. ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெயிலேயே 11, 12 கிராம் வந்துவிடுகிறது. நான் தேங்காயை விடவில்லை. அவியலுக்கும் தாளிப்பின் கடைசி வாசனைக்கும் ஒரு சிறு கரண்டி ஊற்றுகிறேன். அன்றாடச் சமையல் வேறு எண்ணெயில். சர்க்கரை நோயோ இதயநோயோ உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். 2027 நடுப்பகுதியிலிருந்து சமையல் எண்ணெய்க்கும் நியூட்ரி-கிரேட் தரக்குறி வரவிருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பின் அளவு அதில் கணக்கில் வரும் என்பதால் கடையில் ஒப்பிடுவது எளிதாகும்.

பள்ளிச் செயல்திட்டத்துக்கு இதை வைத்து என்ன செய்யலாம்?

குளிர்வு வரைபடம். தனி லாரிக் அமிலம் வெண்ணிறத் தூளாகக் கிடைக்கும். 44 டிகிரியில் உருகுவதால் வெந்நீர்க் குவளையே போதும், நெருப்பு வேண்டாம். உருக்கிச் சோதனைக்குழாயில் ஆறவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கிக்கொண்டே வந்த வெப்பநிலை 44 வாக்கில் வந்ததும் அசையாமல் நிற்கும். முழுவதும் உறைந்த பிறகுதான் மீண்டும் இறங்கும். அந்த நேரம் முழுக்க ஒவ்வொரு கிராமும் சுமார் 180 ஜூல் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்து அதில் சிறிது பென்சாயிக் அமிலம் கலந்து மறுபடி செய்யுங்கள், உறைநிலை இறங்கியிருக்கும். ஏர்கான் அறையில் உறைந்த எண்ணெயின் கேள்விக்கு அதுவே நேரடி விடை. தூள் கண்ணில் பட்டால் எரியும், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, சவர்க்கார உறையில் எதைப் பார்த்து வாங்குவது?

சோடியம் கோகோவேட் என்றால் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம். சோடியம் பாம் கர்னலேட் என்றால் பனைக்கொட்டை. இரண்டிலும் லாரிக் நிறைய, நன்றாக நுரைக்கும், தோலையும் உலர்த்தும். சோடியம் பாமேட் என்பது பாமாயில், கட்டிக்கு உறுதி தருவது. கோகோவேட் பட்டியலில் முதலில் இருந்து, உங்கள் தோல் குளித்தபின் இழுத்துப் பிடித்ததுபோல் இருந்தால், அதை முதலில் இல்லாமல் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ எழுதியிருக்கும் கட்டிக்கு மாறிப் பாருங்கள்.